வவுச்சருக்கு உண்டா வினை?

மின்வாரியக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அபராதம் என்ற சொல்லைக் கேட்டால் நீதி, அநீதியெல்லாம் எனக்குப் பிறகுதான். அதை எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவது என்பதுதான் முதலில் தோன்றும். செலவோடு செலவாக எழுதிக் கட்டணத்தில் ஏற்றிவிட்டால், தப்பு செய்தவர் ஒருவர், கட்டுபவர்கள் ஊரார்.

அப்படி என்னை யோசிக்க வைத்த அபராதம் ஒன்று உண்டு. கலிபோர்னியாவில் சான் புரூனோ என்ற ஊர். 2010 செப்டம்பர் 9 மாலை, பசிபிக் கேஸ் அண்ட் எலக்ட்ரிக் கம்பெனியின் 30 அங்குல எரிவாயுக் குழாய் தெருவுக்கு அடியில் வெடித்தது. 8 பேர் இறந்தார்கள், 38 வீடுகள் அழிந்தன. வாயுவை அடைக்கவே 95 நிமிடம் ஆயிற்று. குழாய் 1956இல் புதைத்தது. நெடுகிலும் வெல்டிங் இல்லாத குழாய் என்று பதிவேடு சொன்னது. வெடித்த பிறகு பார்த்தால் வெல்டிங் இருந்தது, அதுவும் அரைகுறையாக. அந்தப் பதிவு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனவர்கள் கடைசியில் வந்து நின்ற இடம், கணக்குப் பிரிவின் ஒரு ஜர்னல் வவுச்சர். படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதை எழுதிய குமாஸ்தாவுக்கு யார்மேல் என்ன பகை?

பகை இல்லாமல் செய்தாலும் வினை ஒட்டுமா என்பது பழைய கேள்வி. சமணரும் பௌத்தரும் தமிழில் காவியம் எழுதிச் சண்டை போட்டவர்கள். பௌத்தரின் குண்டலகேசிக்குச் சமணரின் நீலகேசி மறுப்பு. எண்ணம்தான் வினை என்பது பௌத்தம். தெரியாமல் மிதித்தாலும் புழு செத்தது செத்ததுதான், பாவம் ஒட்டும் என்பது சமணம். சிவில் அபராதம் சமணர் கட்சி. அதைப் போடும் ஒழுங்குமுறை ஆணையம் மனத்தைத் துருவுவதில்லை. விதி மீறப்பட்டதா, எத்தனை நாள், அவ்வளவுதான்.

நான் சைவன். வினை சடம், செய்தவனைத் தானாகத் தேடிப் போகாது, கூட்டிவைக்க இறைவன் வேண்டும் என்று படித்தவன். 2015 ஏப்ரலில் அந்த மாநில ஆணையம் இந்த வேலையைத் தன் தலையில் போட்டுக்கொண்டது. அபராதம் 160 கோடி டாலர். வாடிக்கையாளர்மேல் ஏற்றக் கூடாது, பங்குதாரர்தான் சுமக்க வேண்டும். நல்ல உத்தரவு. ஆனால் வெடித்த அன்று பங்கு வைத்திருந்தவர் விற்றுவிட்டுப் போயிருக்கலாம். உத்தரவுக்கு முந்தின வருஷம் வாங்கியவர் தலையில் விடியும். வினை ஆளைப் பிடிக்கும், அபராதம் பத்திரத்தைப் பிடிக்கிறது.

அந்தத் தொகையில் 40 கோடி வாடிக்கையாளர் பில்லில் கழிந்தது. 30 கோடி மாநிலக் கருவூலத்துக்கு. அது யாருடைய வினையைத் தீர்த்தது? செத்த எட்டுப் பேருக்குக் கருவூலம் என்ன உறவு? (குடும்பத்தாரின் நஷ்டஈடு தனி வழக்கு.) குழாய்ப் பாதுகாப்பு வேலைக்கென்று ஒதுக்கிய 85 கோடியைத்தான் என் மனம் ஒப்புகிறது. அதைத் தண்டனை என்று சொல்ல மாட்டேன், கழுவாய். குழாயைச் சோதிக்க ஆன்மா வேண்டாம், ஆள் போதும்.

பௌத்தர் கட்சிக்கும் முறை வந்தது. 2016இல் ஃபெடரல் நீதிமன்ற ஜூரி, பாதுகாப்பு விதிகளைத் தெரிந்தே மீறியது, விசாரணைக்குத் தடை போட்டது என்று ஆறு குற்றச்சாட்டுகளில் கம்பெனியைக் குற்றவாளி என்றது. கம்பெனிக்கு மனம் உண்டென்று ஒரு ஜூரி சொன்னால் மறுக்க நான் யார்! ஆனால் அந்த மனத்துக்குச் சட்டப்படி போட முடிந்த அபராதம் வெறும் 30 லட்சம் டாலர். நீதிபதி அதோடு விடவில்லை. கம்பெனி 10,000 மணி நேரம் சமூக சேவை செய்ய வேண்டும், அதில் குறைந்தது 2,000 மணி நேரம் மேலதிகாரிகளே செய்ய வேண்டும் என்றார். உழவாரப் பணிக்கு அப்பர் தாமாக வந்தார், இவர்கள் உத்தரவின் பேரில். போகட்டும், உடம்பு வளைந்தால் சரி.

சித்தாந்த வகுப்பில் இதைச் சொன்னேன். பக்கத்தில் இருந்த நண்பர், ரயில்வேயில் இருந்தவர், கேட்டார்: “அந்த 2,000 மணிக்கும் சம்பளம் உண்டா சார்?”