எழுத்துக்கு அளவை எது?

புதுவையின் கடற்கரையை வடக்கிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் முதலில் வரும் ஊர் கனகசெட்டிக்குளம். காலாப்பட்டைத் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையோரம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது. தமிழ் இலக்கணப்படி இந்தப் பெயருக்கு 10 எழுத்து. யூனிகோடு புள்ளியையும் உயிர்க்குறிகளையும் தனித்தனியாக எண்ணுவதால் அதன் கணக்கில் 16 குறி. இன்று இணையத்தில் வழக்கிலுள்ள யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஆகவே டேட்டாபேஸில் இந்த ஊர் 48 எண்களாக இருக்கும். முதல் எழுத்தான ‘க’ என்பது 224, 174, 149. இந்த மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று கணினிக்குச் சொல்லாமல் விட்டுவிட்டால், மேலை ஐரோப்பிய மொழிகளுக்கான பட்டியலைப் பார்த்து ஒவ்வோர் எண்ணையும் தனியெழுத்தாகப் படிக்கும். அந்தப் பட்டியலில் 224 என்பது தலையில் சாய்கோடு போட்ட பிரெஞ்சு ‘அ’. 174, வட்டத்துக்குள் ‘ஆர்’ போட்ட வணிகக் குறி. 149, ஒரு கரும்பொட்டு. தமிழ்க் குறிகள் எல்லாமே 224இல் தொடங்குபவை என்பதால்தான் கெட்டுப்போன தமிழ்ப் பக்கத்தில் அந்தப் பிரெஞ்சு எழுத்து திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது. இதைப் பார்த்திருக்கும் எவரும் எழுத்து அழிந்துவிட்டது என்றே சொல்வார்கள். ஆனால் ஒரு பைட்கூட மாறவில்லை. வைத்த 48 எண்ணும் வைத்தபடியே இருக்கின்றன. அப்படியானால் போனது எது? இதைக் கணினிக்காரர்களிடம் மட்டும் விட்டுவிடக்கூடாது என்பது என் கருத்து. ஒன்றை இன்னதென்று நாம் எதைக்கொண்டு அறிகிறோம் என்ற கேள்வி நம் சமய தத்துவத்தில் வாதத்தின் முதல் படியாக வைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு அளவை என்று பெயர்.

சைவ சித்தாந்தம் மூன்று அளவைகளைக் கொள்ளும்: காட்சி, கருதல், உரை. கண்ணால் கண்டு அறிவது ஒன்று. கண்டதைக்கொண்டு காணாததை ஊகிப்பது ஒன்று. நம்பத்தக்கவர் சொல்லக் கேட்டு அறிவது ஒன்று. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில், பிறர் பலவாக அடுக்கிய அளவைகளையெல்லாம் இந்த மூன்றுக்குள் அடக்கிக் காட்டினார். மணிமேகலையில் அறவண அடிகள் சொல்லித்தரும் பௌத்த அளவையியலிலோ இரண்டுதான்: காட்சியும் கருதலும். உரை என்று தனியாக ஒன்று இல்லை, அதுவும் கருதலே என்பது அவர்கள் கட்சி. பல நூற்றாண்டு நடந்த இந்த வழக்கை டேட்டாபேஸுக்குள் கிடக்கும் ஓர் ஊர்ப்பெயரைக்கொண்டு மறுபடி விசாரிக்கலாம். காட்சியால் எழுத்து கிடைக்காது என்பதை 224இலேயே பார்த்துவிட்டோம். எண்ணைக் காணலாம், எண்ணில் எழுத்தைக் காண முடியாது. மீதி இரண்டில் எது நமக்கு எழுத்தைத் தருகிறது என்பதுதான் வழக்கு. உரை மட்டுமே தருகிறது, கருதல் அதற்கு ஈடாகாது என்று நான் வாதிடுகிறேன்.

பௌத்தர் கட்சிக்கு வலுவான சான்று உண்டு. அதை மறைத்துவிட்டு வாதம் செய்வது நேர்மையாகாது. கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992இல் வகுத்த யூ.டி.எஃப்-8இல், ஓர் எழுத்தின் முதல் பைட்டே தன்னோடு சேர்த்து எத்தனை பைட் என்பதைக் காட்டிவிடும். பின்னால் வருகிறவையும் குறிப்பிட்ட எல்லைக்குள்தான் இருக்க வேண்டும். இந்தக் கட்டுக்கோப்பு தற்செயலாக அமைவது அரிது. ஆகவே யாரும் சொல்லாமலே, பைட்டுகளின் ஒழுங்கைக்கொண்டு இது யூ.டி.எஃப்-8 என்று நிரல் ஊகித்துவிடலாம். பெரும்பாலும் சரியாகவே ஊகிக்கிறது. புகையைக் கண்டு நெருப்பை அறிவது போன்ற சுத்தமான அனுமானம் இது. ஆனால் தமிழ் கணினிக்கு வந்த வழி யூ.டி.எஃப்-8 மட்டுமல்ல. டிஸ்கி என்ற குறியாக்கம் இருந்தது, 1999இல் தமிழக அரசு ஏற்ற டாம், டாப் இருந்தன, பாமினி போன்ற எழுத்துருக்கள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் டேட்டாபேஸில் போய்ச் சேர்வது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். அது பழுதில்லாத ஆங்கிலச் சரம். எந்த விதியும் மீறப்படவில்லை. அது தமிழ் என்பது எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தவருக்குத்தான் தெரியும். அவர் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தாலொழிய, புகையே இல்லாத இடத்தில் நெருப்பை எதைக்கொண்டு கருதுவது?

இதைவிட ஆழமான இடம் ஒன்று உண்டு. ஒரு விண்ணப்பப் படிவம் பக்கத்திலிருந்து நிரலுக்கும், நிரலிலிருந்து இணைப்பு வழியாக டேட்டாபேஸுக்கும், அங்கே அட்டவணைக்குள்ளும் போகிறது. ஒவ்வொரு வாசலிலும் இது இன்ன குறியாக்கம் என்று சொல்லித்தான் உள்ளே விட வேண்டும். சொல்லாவிட்டால் இயல்பாக வைத்திருக்கும் ஒன்றை அந்த வாசல் எடுத்துக்கொள்ளும். உலகில் மிகப் பரவலாகப் புழங்கும் டேட்டாபேஸ்களில் ஒன்றான மை எஸ்.கியூ.எல்., 2018இல் 8.0 பதிப்பு வரும்வரை, யாரும் எதுவும் சொல்லாவிட்டால் மேலை ஐரோப்பியப் பட்டியலையே கொண்டது. அகரவரிசைக்கு ஸ்வீடன் மொழி முறை. ஆக, பேசாமல் இருந்தாலும் ஒன்றைச் சொன்னதாகத்தான் ஆகும். இந்த நிலையில் ஒரு நிரல் தமிழ் பைட்டுகளை ஐரோப்பிய எழுத்தென்று சொல்லிக் கொடுக்கிறது. திரும்பக் கேட்கும்போதும் அதே தவறான பெயரைச் சொல்லி வாங்குகிறது. இரண்டு பொய்யும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள, திரையில் கனகசெட்டிக்குளம் அழகாகத் தெரிகிறது. ஆண்டுக்கணக்கில் யாருக்கும் குறை தெரியாது. நம் தருக்க நூலார் இந்த நிலையை அறிந்திருந்தார்கள். தூரத்து மூடுபனியைப் புகையென்று எண்ணி, அங்கே நெருப்பு இருக்கிறது என்று ஒருவன் முடிவு செய்கிறான். உண்மையிலேயே அங்கே நெருப்பும் இருந்துவிடுகிறது. அவன் நெருப்பை அறிந்தானா? இல்லை என்பதே சரியான விடை. அவன் முடிவு மெய்யானது, அறிவு மெய்யானதன்று. திரையில் சரியாகத் தெரிகிறதே, அப்புறம் என்ன என்று கேட்பவருக்கும் இதே விடைதான். அகரவரிசை கேட்டால் தவறும். தேடலும் தவறலாம். ஒருவர் நல்லெண்ணத்தோடு இணைப்பின் குறியாக்கத்தைத் திருத்திய அன்று, அதுவரை சேர்ந்த பெயர்கள் எல்லாம் கெட்டுத் தெரியும். இன்னொன்றும் நடக்கும். ஊர்ப்பெயருக்கு 40 எழுத்து தாராளம் என்று வைத்த கட்டத்தில், 48 ஐரோப்பிய எழுத்தாக வந்து நிற்கும் பெயர் வெட்டுப்படும். 39 பைட்டில் 13 குறி முழுதாகத் தங்கும். நாற்பதாவது பைட் துண்டாகத் தொங்கும். தங்குவது ‘கனகசெட்டிக்கு’. குளம் போய்விட்டது, நான்காம் வேற்றுமை உருபு நிற்கிறது.

இதற்குப் பொறியாளர் ஒருவர் சொல்லக்கூடியது: தவறு எப்படி நடந்ததோ அப்படியே திருப்பிச் செய்தால் மீட்டுவிடலாம், இதில் தத்துவத்துக்கு என்ன வேலை? பல சமயம் அவர் சொல்வது நடக்கும். ஆனால் திருப்பிச் செய்ய, தவறு எப்படி நடந்தது என்று தெரிய வேண்டும். ஒருமுறை தவறியதா, இருமுறையா, எந்தத் தேதிக்கு முந்திய பதிவுகள் மட்டும் கெட்டவை என்பதெல்லாம் பைட்டில் எழுதியிருக்காது. இருமுறை குறியாக்கம் செய்யப்பட்ட பெயர்கூட விதிப்படி பிழையற்ற யூ.டி.எஃப்-8தான், சோதிக்கும் நிரல் நலமாக இருக்கிறது என்றே சொல்லும். அப்போது வேண்டியது அங்கே வேலை பார்த்த ஒருவரின் வாய்மொழி, அல்லது அவர் எழுதி வைத்த குறிப்பு. அதாவது உரை.

எல்லாவற்றையும் மீட்கவும் முடியாது. விண்டோஸின் மேலை ஐரோப்பியப் பட்டியலில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்களுக்கு எழுத்து ஒதுக்கப்படவில்லை. தமிழில் மூன்றாம் பைட்டாக 141 வருவது மெய்யின் புள்ளிக்கு, 129 வருவது உகரக் குறிக்கு, 143 வருவது ஏகாரத்துக்கு, 144 வருவது ஐகாரத்துக்கும் ‘ஓம்’ என்பதற்கென்றே வைத்த ஒற்றைக் குறிக்கும். அந்தப் பட்டியல் வழியாக மாற்றும்போது சில நிரல்கள் இந்த எண்களை அப்படியே கடத்திவிடும்; சில உதறிவிடும்; சில கேள்விக்குறி போடும். கேள்விக்குறி விழுந்துவிட்டால் புள்ளியும் உகரமும் ஒன்றாகிவிடும், ஏனென்றால் இரண்டுக்கும் முதலிரண்டு பைட் 224, 175. மன், மனு இரண்டுக்கும் வேறுபாடில்லை. நாயன்மார்களில் ஏயர்கோனின் ஏகாரமும் ஐயடிகளின் ஐகாரமும் ஒன்று. கனகசெட்டிக்குளத்தின் 16 குறியில் மூன்று புள்ளி, ஓர் உகரம் என நான்கு இப்படிப் போகும்.

இங்கே தமிழ் படித்தவர் ஒருவர் குறுக்கிட நியாயம் உண்டு. ஓலைச்சுவடியில் புள்ளி ஏது? எழுத்தாணியால் குத்தினால் ஓலை பொத்தலாகும் என்று புள்ளியை விட்டுவிட்டுத்தானே எழுதினார்கள். குறிலையும் நெடிலையும் ஒரே கொம்பாகத்தானே போட்டார்கள். அப்படியும் சங்க நூல்களை உ.வே.சாமிநாதையர் படித்து அச்சேற்றவில்லையா? படித்தார். ஆனால் எதைக்கொண்டு படித்தார் என்று பார்க்க வேண்டும். ஓலையில் புள்ளி இல்லாதது பிழையல்ல, வழக்கம். எழுதினவருக்கும் படிப்பவருக்கும் அது தெரியும். எது மெய், எது உயிர்மெய் என்பதை யாப்பும், பழைய உரையாசிரியர்களும், ஆசிரியரிடம் இருந்து பாடம் கேட்ட மரபும் சொல்லின. அளவைக்கும் விளக்கத்துக்கும் தமிழ் ‘உரை’ என்ற ஒரே சொல்லை வைத்திருப்பது இந்த இடத்தில் எனக்கு மிகப் பொருத்தமாகப் படுகிறது. மரபு அறுந்த இடத்தில் அவரும் தவித்தார். மணிமேகலையை 1898இல் பதிப்பிக்குமுன் பௌத்தம் தெரிந்தவர்களைத் தேடிக் கேட்டு அறிய வேண்டியிருந்தது. புள்ளியில்லாத ஓலை என் வாதத்துக்குத்தான் சாட்சி சொல்கிறது.

எல்லோரும் யூ.டி.எஃப்-8க்கு வந்துவிட்டால் கேள்வியே எழாது என்பார்கள். வரவேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அப்போது எல்லோரும் ஒரே உரையை ஏற்றுக்கொண்டிருப்பார்களே தவிர, எண்ணுக்குள் எழுத்து குடிபுகுந்திருக்காது. உரை என்றால் யார் உரை என்பதும் உடனே எழும். குற்றமற்றவன் சொல்லே அளவையாகும் என்று சித்தாந்தம் கட்டளையிட்டது அதனால்தான். மை எஸ்.கியூ.எல்.லில் யூ.டி.எஃப்-8 என்ற பெயரில் நெடுநாள் இருந்தது மூன்று பைட் வரைக்கும்தான் கொள்ளும். நான்கு பைட்டும் கொள்ளும் முழு வடிவம் 2010இல் வேறு பெயரில் வந்தது. தமிழுக்கு மூன்று போதுமென்பதால் பொதுவாக யாரும் கவனிப்பதில்லை. ஆனால் புதுவையில், 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தை நினைத்துப் பாருங்கள். அங்கு சேர்ந்திருக்கும் சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவுப் பதிவேட்டில் ஏற்றது. அவற்றில் பெரும்பகுதி கிரந்த எழுத்தில் உள்ளவை. கிரந்தத்துக்கு 2014இல் யூனிகோடு இடம் கொடுத்தபோது அது நான்கு பைட் பகுதியில் அமைந்தது. ஓர் ஆகமத்தைக் கிரந்தத்திலேயே அடித்து, மூன்று பைட் கொள்ளும் பழைய அட்டவணையில் போட்டால், கண்டிப்பான அமைப்பு ஏற்க மறுக்கும். நெகிழ்வான அமைப்பு முதல் கிரந்த எழுத்திலிருந்து வரியை வெட்டிவிட்டு, ஓர் எச்சரிக்கையோடு மேலே போகும். பொய்யான உரை பேசாமல் இருப்பதைவிடக் கேடு செய்கிறது, ஏனென்றால் பேசாதவரிடம் கேட்கவாவது தோன்றும்.

கடைசியாக, சைவர் ஒருவரே என்னை மறுக்கலாம். ஐந்தெழுத்து அழியாதது; அது பைட்டிலும் இல்லை, உங்கள் ஒப்பந்தத்திலும் இல்லை; ஒலியாய், அதற்கும் அப்பால் நாதமாய் நிற்பது; கணினியின் பிழை அதைத் தொடாது. இதை நான் மதிக்கிறேன், ஏற்கவும் செய்கிறேன். நமசிவாய என்பதை யூனிகோடு 7 குறியாகவும் டேட்டாபேஸ் 21 பைட்டாகவும் எண்ணினாலும் அது ஐந்தெழுத்தாகவே இருக்கிறது. எண்ணிக்கை மாறியும் எழுத்து மாறவில்லை என்பதே எழுத்து எண்ணில் இல்லை என்பதற்கு நல்ல சான்று. ஆனால் ஐந்தெழுத்து தானாக ஒருவர் காதில் விழுவதில்லை. குரு உபதேசிக்கக் கேட்பது. நித்தியமானதும் நம்மிடம் வந்து சேர ஒருவர் வாய் வேண்டியிருக்கிறது. பிரெஞ்சுக்காரர் காதில் உழவர்கரை ‘உல்கரே’ என்று விழுந்து, அந்த எழுத்துக்கூட்டல் இன்றும் ஆங்கிலப் பலகைகளில் நிற்கிறது. ஊர் அழியவில்லை. அதன் பெயரிலிருந்து உழவர் மட்டும் காணாமல் போனார்கள். ஒரு மீனவரின் ஊர்ப்பெயரும் விதவை ஒருவரின் பெயரும் உதவித்தொகைப் பட்டியலில் கேள்விக்குறியாக நிற்கும்போது, நாதம் அழியாதது என்ற ஆறுதல் அவர்களுக்குச் சேரவேண்டியதைச் சேர்க்காது.

ஏடெழுதியவர்கள் கடைசி ஓலையில் ஆண்டும் மாதமும் தங்கள் பெயரும் எழுதி, பிழை பொறுக்கச் சொல்லி முடிப்பது வழக்கம். டேட்டாபேஸைப் பிரதியெடுத்து இன்னொரு கணினிக்குக் கொண்டுபோகும்போது கோப்பின் தலைப்பில் வரும் குறியாக்க வரிக்கும் அதே வேலைதான். அதோடு, இன்ன ஆண்டுவரை சேர்ந்த பதிவுகள் இன்ன தவறான பெயரில் உள்ளே போனவை என்ற குறிப்பையும் எழுதி வைக்கலாம். மாற்றுமுன் சோதிக்க நீண்ட பட்டியல் தேவையில்லை. ஏகாரம், ஐகாரம், உகரக் குறி, புள்ளி நான்கும் வருகிற ஒரு முகவரி போதும்: ஏழுமலை, ஐயனார் கோயில் தெரு, கனகசெட்டிக்குளம். போன வழியே திரும்பி வந்த பிறகு அதன் பைட்டுகளை முன்பிருந்தவற்றோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். 141 இருந்த இடத்தில் 141 இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.