ஒளித்து விளையாடும் பழுது

திருகோணமலைச் சீனன்குடாப் பக்கம் ஓடிக் களைத்த டீசல் வான். குளிர்ந்திருந்தால் ஒரே முறுக்கில் ஸ்டார்ட் ஆகும். சூட்டோடு நிறுத்தினால் மறுபடி எழும்பாது. கராஜுக்குக் கொண்டுபோவதற்குள் ஆறி, நல்ல பிள்ளையாகிவிடும். அப்போது பழுது எங்கே இருக்கிறது?

இல்லாதது தோன்றாது என்கிறது சைவ சித்தாந்தத்தின் சற்காரியவாதம். காரியம் காரணத்துக்குள் முன்பே அடங்கியிருக்கிறது. அப்படியானால் ஆறிய வானுக்குள்ளும் பழுது ஒளிந்தேதான் இருக்கிறது.

அனுபவப்பட்ட மெக்கானிக் டீசல் பம்பை உடனே கழற்றுவதில்லை. சூடான பம்பின் மேல் ஈரத்துணியைப் போட்டுக் காத்திருக்கிறார். பம்ப் ஆறியதும் எஞ்சின் ஸ்டார்ட் ஆனால், உள்ளே டீசலை அழுத்தும் பிளஞ்சர் தேய்ந்திருக்கிறது என்ற சந்தேகம் வலுக்கிறது. சூட்டில் இளகிய டீசல் தேய்ந்த இடுக்கால் கசிய, அழுத்தம் ஏறுவதில்லை. சித்தாந்தக் கணக்கில் தேய்மானம் முதற்காரணம், சூடு துணைக்காரணம்.

நிமித்த காரணர், அதாவது இதைச் செய்தவர், யார் என்பதில்தான் சச்சரவு. சாரதி டீசலில் கலப்படம் என்பார். மெக்கானிக்கோ மாற்றாமல் விட்ட பில்டரை எடுத்துக் காட்டுவார்.