யாருடைய துறவு?

ஜான் ஹன்டர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் நரம்பியல் ஆய்வாளராக இருந்தவர். வலிப்பு நோயாளிகளின் மூளையில் பதிவான மின் சமிக்ஞைகளைத் திரையில் வரைந்து பார்க்க அவருக்கு ஒரு கருவி தேவைப்பட்டது. கிடைத்தவை போதவில்லை. பைத்தான் மொழியில் தானே எழுதத் தொடங்கி, 2003-இல் யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி பொதுவில் வைத்தார். அதுதான் மேட்பிளாட்லிப். நான்கு ஆண்டுகள் கழித்து, 2007-இல், அதைப் பற்றி ஓர் ஆய்விதழில் ஆறு பக்கக் கட்டுரை எழுதினார். ஆசிரியர் அவர் ஒருவர்தான். 2012-இல், 44 வயதில், புற்றுநோய்ச் சிகிச்சையின்போது நேர்ந்த சிக்கல்களால் அவர் காலமானார்.

மென்பொருள் நிற்கவில்லை, மற்றவர்கள் தொடர்ந்து வளர்த்தார்கள். 2019-இல் உலகம் முதன்முதலாகக் கண்ட கருந்துளைப் படத்தை உருவாக்கியதிலும் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் ஆய்வாளர்கள் மேட்பிளாட்லிப்புக்கு நன்றி சொல்ல நினைத்தால் பெரும்பாலும் மேற்கோள் காட்டுவது அந்த 2007 கட்டுரையையே. ஹன்டருக்கு அது முழுக்கத் தகும். அவருக்குப் பின் வந்து வழுக்களைத் திருத்தியவர்களின் பெயர் மட்டும் அந்த மேற்கோளில் வராது.

இங்கே ஒரு பழைய அறக்கேள்வி எழுகிறது. திறமூல மென்பொருள் என்பதே கொடை. கொடுத்தவர் ஆய்விதழில் தன் பெயரை அச்சேற்றப் பார்ப்பது கொடைக்கு அழகா? செயலில் மட்டுமே உனக்கு உரிமை, பலனில் இல்லை என்கிறது கீதை. வலக்கை கொடுப்பதை இடக்கை அறிய வேண்டாம் என்கிறது மத்தேயு நற்செய்தி. நிரலைப் பொதுவில் வைத்தாயிற்று, பிறகு பெயர் எதற்கு என்று கேட்பவரை இலேசாகத் தள்ளிவிட முடியாது. பெயர் வேண்டாம் என்ற மனநிலையில்தான் திறமூல உலகின் பெரும்பகுதி கட்டப்பட்டது.

ஆனால் பல்கலைக்கழகம் எண்ணுவது கட்டுரைகளை. 1995-இலேயே ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த பக்கைட்டும் டோனஹோவும், அங்கேயே புவி இயற்பியல் பேராசிரியராக இருந்த கிளேர்பௌட்டின் கருத்தைத் தொகுத்துச் சொன்னார்கள்: கணினிவழி ஆய்வில் அச்சான கட்டுரை வெறும் விளம்பரம்; உண்மையான ஆய்வு என்பது அதன் முழு மென்பொருள் சூழலும் படங்களை உருவாக்கிய கட்டளைகளின் முழுத் தொகுதியும். இருந்தும் வேலைக்கு விண்ணப்பிக்கும் இளம் ஆய்வாளரிடம் தேர்வுக் குழு கேட்பது அந்த விளம்பரத்தைத்தான். மூன்று ஆண்டுகள் ஒரு மென்பொருள் நூலகத்தைப் பராமரித்தேன் என்று சொல்லிப் பயனில்லை. அதைக் கட்டுரையாக்கினால் கணக்கில் சேரும்.

கீதையின் அந்த வாக்கு யாரைப் பார்த்துச் சொன்னது? அர்ச்சுனனிடம், அர்ச்சுனனுடைய செயலைப் பற்றி. அடுத்தவர் உழைப்பின் பலனை அவன் துறந்துவிடலாம் என்று அதில் இல்லை. மத்தேயு மறைக்கச் சொல்வதும் கொடுப்பவரின் சொந்தக் கையை. அதே விவிலியத்தில் லூக்கா நற்செய்தி, உழைப்பவர் கூலிக்கு உரியவர் என்கிறது. பலனைத் துறப்பது ஒருவர் தனக்குத் தானே விதித்துக்கொள்ளும் நோன்பு. திட்டத் தலைவர் தன் பெயரை நீக்கிக்கொண்டால் அது துறவு. நிரல் எழுதிய மாணவியின் பெயரை விட்டுவிட்டு, நாமெல்லாம் பெயருக்காகவா உழைக்கிறோம் என்று கேட்டால் அது பறிப்பு.

ஆகவே, திறமூலத் திட்டம் ஒன்று கட்டுரையாகும்போது ஆசிரியர் பட்டியலே அதன் அறச்சோதனை. சைபை இதை எப்படிக் கையாண்டது என்று பாருங்கள். 2001-இல் தொடங்கிய இந்த அறிவியல் கணக்கீட்டு நூலகம் 1.0 பதிப்பை எட்டியது 2017-இல். 2020-இல் 'நேச்சர் மெத்தட்ஸ்' இதழில் வந்த கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் தனிநபர்களை அடுத்து ஒரு கூட்டுப்பெயர் நிற்கிறது: சைபை 1.0 பங்களிப்பாளர்கள். அந்தக் கூட்டுப்பெயருக்குள் இருப்பவர்களின் பெயர்களும் கட்டுரையிலேயே அச்சாகியுள்ளன.

2016-இல் தொடங்கிய 'ஜர்னல் ஆஃப் ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர்' இதழ் இன்னும் ஒரு படி போகிறது. இங்கே கட்டுரை சிறியது, கட்டணம் கிடையாது. மதிப்பாய்வாளர் மென்பொருளைத் தன் கணினியில் நிறுவி, உரிமம் இருக்கிறதா, சோதனைகள் ஓடுகின்றனவா, ஆவணங்கள் புரிகின்றனவா என்று ஒவ்வொரு கட்டமாக டிக் செய்கிறார். இந்த வேலை முழுவதும் நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில், எல்லார் கண்முன்னும் நடக்கிறது. நிதி பெற்றுத் தந்ததோ, ஆய்வுக் குழுவைப் பொதுவாக மேற்பார்த்ததோ மட்டும் ஒருவரை ஆசிரியராக்காது என்பது இதழின் விதி. திட்டத்தை முனைந்து வழிநடத்தியவரும், நிரல் எழுதாமல் வேறு வகையில் உழைத்தவரும் ஆசிரியராகலாம். கட்டுரைக் கோப்பின் தலைப்பகுதியில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர், இருந்தால் ஆர்கிட் என்ற ஆய்வாளர் அடையாள எண், ஒரு நிறுவனம். எந்த நிறுவனத்தையும் சாராதவர் 'தனி ஆய்வாளர்' என்று எழுதலாம். வேலை முடிந்து வீடு திரும்பி இரவில் நிரல் எழுதுபவருக்கு அந்த இரண்டு சொற்கள் பெரிய கதவைத் திறக்கின்றன.

நிரல் எழுதாதவர்களை அந்த விதி கணக்கில் எடுப்பது முக்கியம். நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியின் வரலாறு, யார் எத்தனை கமிட் (மாற்றப் பதிவு) செய்தார்கள் என்று நொடியில் பட்டியலிடும். ஒரு கமிட் ஆயிரம் வரியாகவும் இருக்கலாம், ஒரு காற்புள்ளியாகவும் இருக்கலாம். புதியவர்களின் கேள்விகளுக்கு ஆண்டுக்கணக்கில் பொறுமையாகப் பதில் சொன்னவரும், தவறான வடிவமைப்பைத் தொடக்கத்திலேயே தடுத்தவரும் அந்தப் பட்டியலில் தெரியவே மாட்டார்கள். அதை அப்படியே ஆசிரியர் பட்டியலாக ஒட்டுவது எளிது, நியாயமாகாது. யார் என்ன செய்தார்கள் என்று உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது.

பெயரே வேண்டாம் என்பவரை என்ன செய்வது? இறுதி வடிவத்துக்கு ஒவ்வோர் ஆசிரியரும் ஒப்புதல் தர வேண்டும் என்பது ஆய்விதழ்களின் பொது நெறி. அதனால் ஒவ்வொருவரிடமும் கேட்டாக வேண்டும். கேட்ட பிறகு அவர் மறுத்தால் அந்தத் துறவு அவருடையது, அதை மதிக்கலாம். கேட்பதற்குச் செலவாவது ஒரு மின்னஞ்சல்.

பின்னால் வந்தவர்களையும் மேற்கோளில் சேர்க்க மேட்பிளாட்லிப்பும் ஒரு வழி வைத்திருக்கிறது. ஹன்டரின் கட்டுரையை மேற்கோள் காட்டச் சொல்வதோடு, ஒவ்வொரு பதிப்பையும் ஸெனோடோ காப்பகத்தில் தனி அடையாள எண்ணுடன் சேமிக்கிறது. அங்கே படைத்தவர் என்ற இடத்தில் இருப்பது மேட்பிளாட்லிப் மேம்பாட்டுக் குழு. மேற்கோள் பட்டியலில் 2007 கட்டுரைக்குக் கீழே இன்னொரு வரி சேர்க்கும் ஆய்வாளர், ஹன்டருக்குப் பிறகு வந்தவர்களையும் கணக்கில் கொண்டுவருகிறார்.