கண்ணைப் பறிக்கும் வண்டிகள்

சிறிய வணிக நிறுவனங்கள் தமது வான்களையும் முச்சக்கர வண்டிகளையும் வினைல் தாளினாற் போர்த்து, அதன்மேற் பெயரும் படமும் பொறித்து வீதியில் ஓட விடுவது இன்று எங்கும் காணும் வழக்கமாகிவிட்டது. ஒரு மில்லிமீற்றரின் இருபதில் ஒரு பங்களவே தடிப்புக் கொண்ட தாள் அது. கணினியில் வரைந்த உருவத்தை அதில் அச்சிட்டு, சூட்டினால் இளக்கி, வண்டியின் வளைவு நெளிவுகளோடு ஒட்டிவிடுகின்றனர். சில ஆண்டுகளின் பின் உரித்தெடுத்தால், அடியிலுள்ள நிறம் பெரும்பாலும் பழுதின்றி வெளிப்படும். இத்தொழிலில் ஈடுபட்டிருக்கும் இளைஞருக்கு முதலாளிமார் இடும் கட்டளை அநேகமாக ஒன்றே: “கண்ணைப் பறிக்க வேண்டும்.”

அழகைப் பாராட்டவே இத்தொடரை நாம் வழங்கி வருகிறோம். ஆயினும் பறித்தல் என்பது, உடையவனின் இசைவின்றி எடுத்துக்கொள்வதையும் குறிக்கும் சொல்லன்றோ? பத்திரிகை விளம்பரத்தைப் பக்கம் புரட்டித் தவிர்க்கலாம், வானொலியை மூடிவிடலாம். வீதியில் நடப்பவன் கண்ணை மூடிக்கொண்டு நடக்க இயலாது. வருகின்ற வாகனத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்ற அவனது தேவையின்மேல்தான் இவ்விளம்பரம் ஏறி அமர்ந்திருக்கிறது. ஒருவர் தம் பிழைப்பின் பொருட்டு, பிறரது பார்வையைக் கேளாமலே எடுத்துக்கொள்வது எவ்வளவுக்கு நியாயமாகும்? இதெல்லாம் ஒரு கேள்வியா என்று தள்ளிவிடுவோர் இருப்பர். நாம் அவ்வாறு கருதவில்லை.

இது நீதிமன்றம் ஏறிய கேள்வியுமாகும். நியூயோர்க் நகரில், வாகனங்கள் விளம்பரம் தாங்கிச் செல்வதைத் தடுக்கும் போக்குவரத்து விதியொன்று இருந்தது. தமது வழமையான தொழிலுக்காக ஓட்டும் வண்டியில் உரிமையாளர் அத்தொழில் பற்றிய அறிவிப்பை எழுதிக்கொள்ளலாம் என்பது மட்டுமே அதற்கு விலக்கு. பொதிகளை ஏற்றியிறக்கும் றெயில்வே எக்ஸ்பிரஸ் ஏஜென்சி என்ற கம்பனி, அந்நகரில் ஏறத்தாழ 1,900 லொறிகளை ஓட்டியது. அவற்றின் பக்கங்களைப் பிற வணிகரின் விளம்பரங்களுக்கு விற்றும் வந்தது. தண்டம் விதிக்கப்பட்டதும், வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை சென்றது. ஒரே படம், ஒரே நிறம். சொந்தப் பொருளின் விளம்பரமானால் வீதியிற் செல்வோரின் கவனம் சிதறாது, பிறர் பொருளின் விளம்பரமானால் மட்டும் சிதறிவிடுமா என்பதே கம்பனி எழுப்பிய வாதத்தின் சாரம். கூர்மையான வாதந்தான். எனினும் 1949இல் விதி செல்லுமென்றே தீர்ப்பாயிற்று. இரண்டுக்குமிடையே போக்குவரத்தைப் பொறுத்து வேறுபாடு உண்டென நகர அதிகாரிகள் கருதியிருக்கலாம் என்ற அளவில், நீதியரசர் டக்ளஸ் எழுதிய தீர்ப்பு அமைந்துகொண்டது. நீதியரசர் ஜக்ஸனோ, முடிவை ஏற்றாரெனினும் தனியே ஒரு காரணம் கூறினார்: தன் தேவைக்காக ஒன்றைச் செய்வதும், அதையே கூலிக்காகச் செய்வதும் ஒன்றல்ல.

ஜக்ஸன் தொட்ட வேறுபாடு எமக்கும் பொருளுடையதாகவே படுகிறது. ஆயின் எமது காரணம் வேறு. தச்சுத் தொழிலாளி ஒருவர் தமது வானின் பக்கத்திற் பெயரும் தொழிலும் தொலைபேசி எண்ணும் எழுதுகிறார் என்று கொள்வோம். வண்டியை முறைகேடாக ஓட்டினாலும், அவர் செய்த கதவு முதல் மாரிக்கே உப்பிப் போனாலும், இன்னாரைக் கேட்கலாம் என்று அவர் ஊருக்குச் சொல்லிவிடுகிறார். பார்வையைப் பெற்றுக்கொள்கிறார், பதிலாகத் தம்மைப் பொறுப்பாளியாக்கித் தருகிறார். பக்கத்தை விற்றுவிட்ட லொறி பெறுவதை மட்டுமே பெறுகிறது.

பெருங்கம்பனிகளின் கையிலே தொலைக்காட்சி இருக்கிறது, நாற்சந்தி தோறும் பலகை இருக்கிறது. சிறு தொழிலாளிக்கு வாய்த்தவை தன் வண்டியின் இரு பக்கங்களே. அவர் தம்மைத் தெரியப்படுத்திக்கொள்வதை நாம் எவ்வாறு குறைகூற முடியும்? எமது மனத்தாங்கல் அவருக்கு உடுத்தப்படும் உடையைப் பற்றியது. மின்னல் வெட்டுகிறது, புலி பாய்கிறது, தச்சு வேலையோடு யாதொரு தொடர்புமில்லாத நங்கை ஒருத்தி பல்தெரியச் சிரிக்கிறாள். தச்சரின் பெயரோ பின்சில்லுக்கு மேலே எங்கோ ஒரு மூலையிற் கிடக்கிறது. எதிரே வருபவர் கண நேரத்திற் படித்தறியக் கூடியவை ஆள் யார், தொழில் என்ன, எப்படி அழைப்பது என்ற மூன்றுமே. இது வரைபவர் அனைவரும் அறிந்த விடயம். ஆனால் பக்கத்து வண்டி உரத்துக் கத்தும்போது, இந்த வண்டி அதனிலும் உரத்துக் கத்த வேண்டியிருக்கிறது. இப்போட்டியில் தச்சருக்குச் செலவு, தெருவுக்கு இரைச்சல்.

இதே வினைல் தாள், கத்தாத வேலைக்கும் பயன்பட்டிருக்கிறது. ஜேர்மனியில் வாடகைக் கார்கள் யாவும் இளந்தந்த நிறத்தில் இருக்கவேண்டுமென 1971இல் விதிக்கப்பட்டது. பின்னர் சில மாநிலங்கள் விதியைத் தளர்த்தின. வேறு நிறக் காரை வாங்கியோர், அந்நிறத் தாளை ஒட்டி ஓட்டி, காரை விற்கும்போது உரித்துவிட்டனர். எல்லாக் கார்களும் ஒன்றுபோல இருந்தமையாலேயே, நள்ளிரவில் வீடு திரும்ப நிற்பவருக்கு வாடகைக் கார் எதுவென்று தெரிந்தது.

பார்க்கச் சொல்லும் இப்படத்தின் பின்னாற் பார்க்கப்படாதவர்களும் உளர். வினைலின் மூலப்பொருளான வினைல் குளோரைட் வாயுவைச் சுவாசித்து, அமெரிக்காவின் லூயிவில் நகரத் தொழிற்சாலையில் வேலைசெய்தோர் சிலர் அரிதான ஈரற் புற்றுநோயால் மாண்ட செய்தி 1974இல் வெளியாயிற்று. அதன் பின்னரே, காற்றிற் பத்து இலட்சத்துக்கு 500 பங்கு என்றிருந்த எல்லை அந்நாட்டில் 1 பங்காகக் குறைக்கப்பட்டது. கண்முன்னே இருப்பவரோ வண்டியின் சாரதி. வண்டியோட்டுவதற்கே அவருக்குக் கூலி. விளம்பரத்தைச் சுமப்பதற்கு அன்று. வேலை முடிந்து வண்டியை வீட்டுக்குக் கொண்டுசெல்லும் சாரதியின் படலைக்கு முன்னே, இரவு முழுவதும் அந்த நங்கை சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அவரிடம் எவரேனும் ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களா?

எமது நாட்டில் பாண் விற்கும் முச்சக்கர வண்டி ஒன்றுண்டு. பேத்தோவன் 1810இல் இயற்றிய ‘எலீஸுக்காக’ என்ற பியானோ இசையை ஒலித்துக்கொண்டு அது ஒழுங்கைக்குள் நுழையும். அதுவும் கேளாத காதுக்குள் புகுவதுதான். உறங்கும் குழந்தையை எழுப்பிவிட்டதென்று ஏசும் தாய்மாரும் இல்லாமலில்லை. எனினும் அந்த இசைக்குப் பின்னாலே பாணும் பணிசும் சூட்டோடு வந்து நிற்கின்றன. விற்பவரின் முகமும் வந்து நிற்கிறது. நேற்றுக் கொடுத்த பாண் பழசென்றால், அவர் முகத்துக்கு நேரே சொல்லலாம். வேண்டியவர் படலையைத் திறந்து இரண்டு விரலைக் காட்டுவார்; வண்டி நிற்கும். வேண்டாதவரைக் கடந்து, அது அடுத்த ஒழுங்கைக்குத் திரும்பிவிடும்.