மயோனைஸும் அவயவி வாதமும்

உறுப்புகள் கூடி உண்டாகும் முழுப்பொருள் அந்த உறுப்புகளுக்கு மேல் தனியாக ஒன்றா? ஆம் என்றார்கள் நியாய வைசேடிகர்; நூல்களில் ஆடை புதிதாகத் தோன்றுகிறது, அதுவே அவயவி என்றார்கள். உறுப்புகளே உண்மை, முழுமை நாம் இட்ட பெயர் என்றார்கள் பௌத்தர். காரியம் காரணத்திலேயே நுண்மையாக இருக்கிறது என்பது சாங்கியரும் சைவ சித்தாந்திகளும் கொண்ட சற்காரியவாதம். தமிழுக்கு இது பழைய வழக்கு. மணிமேகலை வஞ்சியில் சமயக்கணக்கரைக் கேட்கும் காதையில் சாங்கியனும் வைசேடிகனும் வருகிறார்கள். நியாய வைசேடிக நூலான தருக்க சங்கிரகத்தைச் சிவஞான முனிவர் தமிழாக்கினார். இந்த வாதத்தில் குடமும் ஆடையும் தேய்ந்துபோன எடுத்துக்காட்டுகள். அவற்றைவிடக் கூர்மையான சான்று மயோனைஸ் என்பது என் கருத்து.

எண்ணெய் ஓடும், எலுமிச்சைச் சாறு ஓடும், முட்டையின் மஞ்சள் கருவும் வழியும். எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு விடாமல் அடித்தால் இவை மூன்றும் கரண்டியில் நிற்கிற பசையாகின்றன. கருவிலுள்ள லெசித்தின் எண்ணெய்த் துளிகளைச் சூழ்ந்து அவை ஒன்றாகிவிடாமல் தடுக்கிறது. நெருக்கியடித்துக் கிடக்கும் துளிகளுக்கு நகர இடமில்லாததால் பசை இறுகுகிறது. அவசரத்தில் எண்ணெயை மொத்தமாக ஊற்றிவிட்டால் எல்லாம் பிரிந்து நீர்த்துப்போகும். அதே பொருள்கள், அதே எடை, அதே கிண்ணம்; மயோனைஸ் மட்டும் இல்லை. முழுமைக்குத் தனி ஆற்றல் உண்டா என்பதற்கு வீட்டில் அதன் பயன்களையே சோதனையாக வைத்துப் பார்க்கலாம். மர மேசையில் ஈரத் தம்ளர் பதித்த வெள்ளை வளையத்தின் மேல் அதைத் தடவித் துடைக்கிறார்கள். பாட்டிலில் ஒட்டிய லேபிளின் பசையை அதைக் கொண்டு எடுக்கிறார்கள். தலைமுடிக்குப் பூசிக் குளிக்கிறார்கள். இங்கெல்லாம் வேலை செய்வது பெரும்பாலும் எண்ணெய்தான், வெறும் எண்ணெயும் அதைச் செய்யும். அமெரிக்க வீடுகளில் சாக்லேட் கேக் மாவில் முட்டைக்கும் எண்ணெய்க்கும் பதிலாக மயோனைஸ் சேர்ப்பதுண்டு; அங்கும் உறுப்புகளே போதும். ஆனால் ரொட்டித் துண்டின் வெளிப்புறத்தில் பூசிக் கல்லில் வாட்டும்போது நிலைமை வேறு. எண்ணெய் ரொட்டிக்குள் இறங்கிவிடும். மயோனைஸ் மேலேயே தங்கிச் சீராகச் சிவக்க வைக்கும். மீனின் மேல் பூசினால் வழியாமல் நின்று, மசாலாவைப் பிடித்துக்கொண்டு, கம்பியில் மீன் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். அப்படி நிற்பது எண்ணெயின் குணமன்று, கருவின் குணமுமன்று. உறுப்புகள் எதிலும் தனியே இல்லாத ஆற்றல் முழுமையில் இருக்கிறது.

அது துளிகளின் அடுக்குத்தானே என்று பௌத்தர் கேட்பார். ஆனால் உள்பொருள் எது என்று அறியப் பௌத்த அறிஞர் தருமகீர்த்தி வைத்த அளவுகோலே, செயல் விளைக்கும் ஆற்றல் அதற்கு உண்டா என்பதுதான். அந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் அடுக்கும் உள்ளதே. இன்னொரு தடை இதைவிட வலியது: முழுமை புதிய பொருளானால் தராசில் எடை கூட வேண்டாமா? பழைய வாதங்களிலேயே எழுந்த கேள்வி இது. நையாயிகர், அதாவது நியாய மரபினர், சொன்ன சமாதானங்கள் எனக்கு நிறைவளிக்கவில்லை. 100 கிராம் எண்ணெயும் 20 கிராம் கருவும் சேர்ந்தால் 120 கிராம்தான். இந்த இடத்தில் நையாயிகரை விட்டு விலகத்தான் வேண்டும். அவயவி தனிப் பொருளன்று. ஆனாலும் வெறும் பெயரன்று. சேர்க்கையின் முறையைப் பற்றி நிற்கும் ஆற்றல் அது. அந்த ஆற்றல் எண்ணெயிலேயே உறங்கிக் கிடந்தது என்பார் சற்காரியவாதி. விளக்கு எரிவதும் வடை பொரிவதும்கூட அதே எண்ணெயில்தான் உறங்கிக் கிடக்கின்றன. எது விழிக்கும் என்பதை எண்ணெய் முடிவு செய்வதில்லை. பிரிந்துபோன மயோனைஸைப் புதிய மஞ்சள் கருவில் சிறிது சிறிதாக விட்டு அடித்தால் மறுபடி கூடிவருகிறது. அடிப்பவரின் கையும் முறையும், அதாவது நிமித்த காரணம், இல்லாமல் அது நடக்காது. இதைச் சித்தாந்திகளே வற்புறுத்திச் சொல்லியிருக்கிறார்கள்.

முட்டையில்லாமல் பாலும் எண்ணெயும் சேர்த்து அடிக்கும் மயோனைஸ் என் கட்சிக்கு மேலும் வலுவூட்டுகிறது. உறுப்பு மாறியும் வேலை மாறவில்லை. அப்படியானால் உறுப்புகளுக்கு மதிப்பே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. பச்சை முட்டையில் சால்மொனெல்லா கிருமி இருந்தால், பசை எவ்வளவு நன்றாகக் கூடிவந்தாலும் உண்பவருக்கு நோய் வரலாம். முழுமை புதிய ஆற்றலைத் தருகிறதே தவிர, உறுப்பின் குற்றத்தை நீக்குவதில்லை. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு ஓராண்டுக்குத் தடை விதித்தது பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத்தான். முட்டை சேராத மயோனைஸுக்கு அந்தத் தடை இருக்கவில்லை.