கில் ஹாட்ஜஸுக்காக ஒரு செபம்

1952. அமெரிக்க பேஸ்பாலின் உலகத் தொடர். புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் கில் ஹாட்ஜஸ் ஏழு ஆட்டங்களிலும் இறங்கினார். கணக்கில் சேர்ந்த 21 வாய்ப்பில் ஒன்றில்கூட அவர் மட்டை பேசவில்லை. ஏழாவது ஆட்டத்தில் நியூயார்க் யாங்கீஸ் தொடரைத் தட்டிக்கொண்டு போனது. மறு ஆண்டு மே மாதம் பிறந்த பிறகும் அதே வறட்சிதான்.

புரூக்ளின் ரசிகர்கள் வாய்த்துடுக்கு மிக்கவர்கள். சொந்த அணிக்கே ‘உதவாக்கரைகள்’ என்று செல்லப்பெயர் வைத்தவர்கள். ஆனால் ஹாட்ஜஸ் தடுமாறியபோது கைதட்டினார்கள். வீடு வீடாகக் கடிதம் எழுதினார்கள். செபமாலைகளும் தாயத்துகளும் தபாலில் வந்து குவிந்தன.

காரணம் இருந்தது. இண்டியானாவில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிக்குப் பிறந்தவர் அவர். ஒக்கினாவா போரில் மரீன் படையில் இருந்தவர். புரூக்ளின் பெண்ணான ஜோனைக் கட்டிக்கொண்டு அங்கேயே குடியேறிவிட்டார். அதிர்ந்து பேசாத, பூசை தவறாத கத்தோலிக்கர். ஜனங்களுக்கு அவர் நட்சத்திரம் என்பதைவிட அடுத்த தெருக்காரர்.

அந்த மே மாதம், புழுக்கமான ஒரு ஞாயிறு. புரூக்ளின் புனித பிரான்சிஸ் சவேரியார் கோவிலில் தந்தை ஹெர்பர்ட் ரெட்மண்ட், இந்தச் சூட்டில் பிரசங்கம் வேண்டாம் என்றார். வீட்டுக்குப் போங்கள், கட்டளைகளைக் கடைப்பிடியுங்கள், கில் ஹாட்ஜஸுக்காக ஒரு செபம் சொல்லுங்கள் என்று அனுப்பிவைத்தார். நீளமான பல பிரசங்கங்கள் மறந்துபோயின. இதை பேஸ்பால் உலகம் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஹாட்ஜஸ் மீண்டார். அந்தப் பருவத்தை 31 ஹோம் ரன்களோடு முடித்தார். 1955 உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தை டாட்ஜர்ஸ் 2-0 என வென்றபோது இரண்டு ஓட்டங்களும் அவர் மட்டையால் வந்தவை. புரூக்ளினில் இருந்தவரை அந்த அணி வென்ற ஒரே உலகத் தொடர் அது.

செபம்தான் மட்டையைத் திருத்தியது என்று நான் சாதிக்கப் போவதில்லை. மேலாளர் சக் டிரெசன், அவர் அடிப்பதைப் படமெடுத்துக் காட்டி, கால் வைப்பதில் இருந்த பிசகைப் புரியவைத்ததும் உண்டு. ஆனால் கடிதம் எழுதிய குடும்பங்களுக்கு 1955 எப்படி இருக்கும் என்று யார் சொன்னார்கள்? தோற்றுக்கொண்டிருந்த ஆளுக்குத்தான் அவர்கள் தபால்தலை ஒட்டினார்கள். ஜெயித்தவனைக் கொண்டாடுவது பெரிய காரியமா என்ன?

1972 உயிர்ப்பு ஞாயிறன்று, 47 வயதில், மாரடைப்பால் ஹாட்ஜஸ் இறந்தார். பேஸ்பால் புகழரங்கம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2022இல். ஜோனுக்கு அப்போது வயது 95.

தேர்வில் மறுபடியும் கோட்டைவிட்ட பிள்ளையோ, வேலை தேடி அலுத்துப்போன தம்பியோ உங்கள் வீட்டில் இருந்தால், இன்று மாலைச் செபத்தில் அந்தப் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரசங்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.