அப்பா கோவித்துக்கொள்வாரா?

அம்மாவோ அப்பாவோ மறுமணம் செய்துகொண்ட வீட்டுப் பிள்ளைக்கு ஒரு கதைப் புத்தகம் தேடினால், நம் அலமாரியில் முதலில் கைக்குக் கிடைப்பது துருவன் கதைதான். அப்பாவின் மடியில் ஏறப்போன ஐந்து வயதுப் பிள்ளையைச் சிற்றன்னை சுருசி தடுக்கிறாள். படம் வரைகிறவர்களும் நீட்டிய அவள் கையையும் சிவந்த கண்ணையும்தான் பெரிதாக வரைகிறார்கள். பக்கத்திலேயே உத்தானபாதன் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறான். பெற்ற தகப்பனின் அந்த மௌனத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் யாரும் பேசுவதில்லை.

பழியைச் சிற்றன்னை தலையில் கட்டுவது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமில்லை. ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் 1812-இல் போட்ட முதல் பதிப்பில், ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொன்னவள் பெற்ற தாய். 1819 பதிப்பில் அவளை மாற்றாந்தாய் ஆக்கிவிட்டார்கள். தாய்மைக்குக் குறை வராமல் காக்க இன்னொரு பெண்ணைக் கொடுமைக்காரி ஆக்க வேண்டியிருந்திருக்கிறது.

மாற்றாந்தந்தைக்கோ நம் பழங்கதைகளில் இடமே இல்லை என்று சொல்லலாம். கைம்பெண் மறுமணத்துக்கு 1856-இலேயே சட்டம் வந்தது. 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானமும் போட்டார்கள். ஆனால் கணவனை இழந்தவள் மூலையில் உட்கார வேண்டும் என்று இருந்த காலத்தில் பிறந்த கதைகளுக்குள் இரண்டாவது அப்பா எப்படி வருவார்?

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒன்றியப் பள்ளியில் டீச்சராக இருக்கிறேன். எங்கள் பக்கத்து ஆண்கள் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டியோடு வடக்கே போவார்கள். நாமக்கல் லாரியில் ஏறினால் வாரக்கணக்கில் ரோட்டில்தான் வாழ்க்கை. ரோட்டிலேயே போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு. என் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனுடைய அப்பா அப்படிப் போனவர். அவன் அம்மா பிறகு, பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுகிற ஒருவரைக் கட்டிக்கொண்டார். ஒரு நாள் மதியம் சத்துணவுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்த பையன், என் மேசையோரம் நின்று மெதுவாகக் கேட்டான்:

“ஏங்க டீச்சர், இவரை அப்பான்னு கூப்பிட்டா எங்கப்பா கோவிச்சுக்குவாருங்களா?”

கேட்டது எட்டு வயதுப் பிள்ளை. ஆனாலும் பெரிய சமயக் கேள்வி இது. இறந்தவர்களுக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம்? இருக்கிறவர் ஒருவரிடம் அன்பு வைத்தால் அந்தக் கடன் தவறிப்போகுமா?

வகுப்பு ஜன்னலில் தெரிகிற மலையைக் காட்டினேன். மேலே செங்கோட்டுவேலவர் இருக்கிறார். சரவணப் பொய்கையில் குழந்தைகளாகக் கிடந்த முருகனுக்குக் கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர் பாலூட்டினார்கள். பார்வதி வந்து வாரி அணைத்தபோது ஆறு குழந்தைகளும் ஆறுமுகனாய் ஒன்றானார்கள். அதற்குப் பிறகும் அவன் கார்த்திகேயன்தான். அந்தப் பேரை மாற்றச் சொல்லிப் பார்வதி கேட்கவில்லை. நம் வீடுகளில் மாதாமாதம் கிருத்திகைக்குச் சாப்பிடாமல் இருப்பதும் அந்தப் பெண்களின் நட்சத்திரத்துக்குத்தான். இதைச் சொன்னேன். பையன் ஒன்றும் பேசாமல் போய் உட்கார்ந்தான்.

பதிலை முழுதாகச் சொன்னவர் அந்தத் தறிக்காரர். அந்த வருஷம் ஆடி அமாவாசைக்குப் பையனைப் பவானி கூடுதுறைக்கு அவரே கூட்டிப்போனார். திதி கொடுக்க உட்கார்ந்ததும் ஐயர் பேர் கேட்டிருக்கிறார். கூட்டத்தைப் பார்த்துப் பையனுக்கு வாய் வரவில்லை. பின்னால் துண்டோடு நின்றிருந்த இவர் குனிந்து, இறந்தவருடைய பேரையும் அவர் அப்பா பேரையும் தெளிவாகச் சொன்னாராம். பையன் எள்ளும் தண்ணீரும் இறைத்தான். அவன் அம்மா இதை என்னிடம் சொல்லும்போது அழுதுவிட்டார்.

போனவரின் இடத்தைப் பறிக்க வந்தவர் இப்படிச் செய்யமாட்டார். அந்த இடத்தைக் காத்துக் கொடுப்பதுதான் புதிதாக வருகிறவரின் தர்மம் என்று நான் நம்புகிறேன். பிள்ளையின் தர்மம் என்ன? மரியாதையைச் சொல்லிக்கொடுக்கலாம்; அன்பைக் கேட்டு வாங்க முடியாது. கம்பனின் இராமனைப் பாருங்கள். போர் முடிந்து, வானிலிருந்து இறங்கி வந்த தசரதன் வரம் தருகிறேன் என்கிறான். தீயவள் என்று நீ துறந்த கைகேயியும் பரதனும் மறுபடியும் எனக்குத் தாயும் தம்பியும் ஆக வேண்டும் என்று கேட்கிறான் இராமன். அப்படிக் கேட்கச் சொல்லி யாரும் அவனை வற்புறுத்தவில்லை. உறவைத் தருகிற உரிமை அங்கே பிள்ளையின் கையில் இருக்கிறது.

அமெரிக்காவில் 1986-லேயே டைனோசர் குடும்பத்தை வைத்து, விவாகரத்தையும் அதன் பிறகு வருகிற புதுப் பெற்றோரையும் பற்றிச் சிறுவர்களுக்கு ஒரு படப்புத்தகம் போட்டுவிட்டார்கள். இங்கே நுழை, நட, ஓடு, பற என்று படிகள் வைத்து வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் பள்ளிக்கு வருகின்றன; பிள்ளைகள் ஆசையாக எடுக்கிறார்கள். அந்த வரிசையில் எனக்கு இப்படி ஒன்று வேண்டும். சுவரில் மாலை போட்ட அப்பா படம். அதைத் துடைத்துப் பூ வைக்கிற புது மனிதர். அவரைப் பிள்ளை கடைசிப் பக்கத்திலும் ‘மாமா’ என்றே கூப்பிடட்டும். கடைசிப் பக்கத்துக்குள் ‘அப்பா’ வந்தே ஆக வேண்டும் என்று எழுதினால், படிக்கிற பிள்ளைக்குத் தான் தேறவில்லை என்று தோன்றிவிடும்.

ஆறுமுகனுக்குப் பார்வதியோடு சேர்த்து ஏழு தாய் என்பதை ஏற்றுக்கொள்கிற ஊர் இது. ஒரு பையனுக்கு இரண்டு அப்பா என்பதை இந்த ஊர் தலைநிமிர்ந்து சொல்ல வேண்டும். வீட்டில் பெரியவர்கள் சொல்லத் தயங்குகிற இடங்களில், அதைப் படத்தோடு நாலு வரியில் எழுதிப் பிள்ளையின் கையில் கொடுப்பது எழுதத் தெரிந்தவர்களின் கடமை.